கருவாட்டுக்கு மேலே இரண்டரை மீட்டர்

பரத் எடைமேடை சரிபார்ப்பவன். லாரி ஏறி நின்றதும் இத்தனை டன் என்று எண் காட்டுகிற இரும்புத் தளம் இருக்கிறதே, அதன் மூலைகளுக்கு அடியில் முஷ்டியளவு இரும்புத் துண்டுகள் ஒளிந்திருக்கும். பாரம் ஏறினால் அவை ஒரு தலைமுடியின் பருமன்கூட இல்லாத அளவுக்கு நசுங்கும். அந்த நசுங்கலை மின்சாரமாக்கி, மின்சாரத்தை எண்ணாக்கித் திரையில் காட்டுவதுதான் முழு வித்தை. ஒரு மூலை பொய் சொன்னால் மொத்த எடையும் பொய். பரத் வந்து சோதனைக் கற்களை ஏற்றி இறக்கிப் பார்த்து, "சரியா இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டுப் போனால் அடுத்த ஆறு மாதத்துக்கு அந்த எண்ணை யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். பதினாறு வருடமாக அவன் பிழைப்பு அந்த ஒரு வார்த்தையில்தான் ஓடுகிறது.

ஊர் ஈரோடு. வருடத்துக்கு இரண்டு முறை கும்மிடிப்பூண்டிப் பக்கம் பத்து நாள் வேலை இருக்கும். புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு லாட்ஜில் தங்குவான். பகலில் கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்குவான். வேலை முடிந்ததும் அவன் போகிற இடங்கள் வேறு: காயலான் கடைகள், மூடிக்கிடக்கும் ரேடியோ கடைகள், கப்பலில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களின் வீட்டுப் பரண்கள். அவன் தேடுவது கேசட்டுகளை. பாட்டுக் கேசட் இல்லை. கம்ப்யூட்டர் கேம் பதிந்த கேசட்.

எண்பதுகளில் டிவியோடு இணைக்கிற சின்னக் கம்ப்யூட்டர்கள் வந்தன. விசைப்பலகைதான் முழு இயந்திரம். நிரலைச் சேமிக்க அதற்குள் இடம் கிடையாது. அதனால் நிரலைச் சத்தமாக மாற்றி, சாதாரண டேப் ரெக்கார்டரில் பதிந்துகொள்ளும். வேண்டும்போது கேசட்டை ஓடவிட்டால் சத்தத்தைக் கேட்டு மறுபடி நிரலாக்கிக்கொள்ளும். பரத்திடம் அப்படி இருநூற்றுப் பன்னிரண்டு கேசட்டுகள் இருந்தன. எல்லாம் வெளிநாட்டு விளையாட்டுகள், அல்லது அவற்றின் நகல்கள்.

காட்டுப்பள்ளித் துறைமுகத்துக்குப் போகும் சாலையில் ஒரு கன்டெய்னர் யார்டு. அங்கே எடைமேடை அறையில் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்திருப்பவள் ரோஜா. இருபத்தெட்டு வயது, பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்துப் பெண். புதன்கிழமை பரத் மேசைமேல் வைத்த சாவிக்கொத்தில் ஒரு குட்டி பிளாஸ்டிக் கேசட் தொங்குவதைப் பார்த்துவிட்டாள்.

"இன்னா சார் இது, பாட்டு கேசட்டா?"

"இல்லம்மா. அந்தக் காலத்துல கம்ப்யூட்டர் கேமு இதுலதான் வரும்."

ரோஜா சிரித்தாள். "எங்க மாமாவும் இதே கதைதான் சார் வுட்டுக்கினு கீது. கேசட்ல கேமு எழுதினேன், கேசட்ல கேமு எழுதினேன்னு. ஒருத்தரும் பாத்ததில்ல. குப்பத்துல அதுக்குப் பேரே கேசட்டு மணவாளன்."

"எழுதினாரா, இல்ல வாங்கினாரா? கேட்டியா?"

"எழுதிச்சாம் சார். பொன்னேரில டிவி மெக்கானிக் கடையில எடுபிடியா இருந்தப்ப. கப்பல்காரர் ஒருத்தர் ரிப்பேருக்குக் குடுத்த கம்ப்யூட்டராம். ஆறு மாசம் அத்த வெச்சிக்கினு எழுதிச்சாம். அப்புறம் அவர் வந்து வாங்கிக்கினு பூட்டாரு. கேசட்டு மட்டும் எங்க ஊட்ல கீது. போட்டுக் காட்டு மாமான்னா, மிசின் இல்லம்மான்னும்."

பரத் கல்லை ஏற்றுவதை நிறுத்திவிட்டான். அவனைப் போலச் சேகரிப்பவர்கள் பதினோரு பேர் சேர்ந்த ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. மதுரையில் அருண்பாண்டியன் என்பவர் எங்கோ ஒரு பள்ளிக்கூட ஆசிரியர் எழுதிய கணக்குப் பாடக் கேசட்டைக் கண்டுபிடித்து, இரண்டு வருடமாக அதையே பேசிக்கொண்டிருந்தார். தமிழ்நாட்டுக்காரர் எழுதிய விளையாட்டு, அதுவும் உலகத்தில் ஒரே ஒரு பிரதி, யாரிடமும் இல்லை.

"சும்மா பாக்கலாமேம்மா" என்றான், கல்லைப் பார்த்துக்கொண்டே.

சேகரிப்பவர்களுக்கு ஒரு விதி உண்டு. ஆசையை முகத்தில் காட்டக் கூடாது. காட்டினால் பரணில் கிடந்த பொருளுக்குத் திடீரென்று உயிர் வந்துவிடும்; உடையவர் அதை நெஞ்சோடு அணைத்துக்கொள்வார், பேரனிடம் கேட்பார், இணையத்தில் தேடுவார். பரத் பல ஊர்களில் அப்படி இழந்திருக்கிறான்.

மாலையில் குப்பத்துக்குப் போனான். ரோஜாவின் அம்மா ஹேமாவதி வீட்டு வாசலில் வலை விரித்து மீன் காயப்போட்டிருந்தாள். மணவாளன் அவளுக்கு அண்ணன். கல்யாணம் செய்துகொள்ளாமல் தங்கை வீட்டிலேயே இருப்பவர். ஒரு குடோனில் வாட்ச்மேன். அன்றைக்குப் பகல் டூட்டி, வர இருட்டிவிடும்.

"இந்தா தம்பி, இதான் அந்தப் பொக்கிஷம்" என்று ஹேமாவதி மஞ்சள் பை ஒன்றிலிருந்து கேசட்டை எடுத்துத் தந்தாள். அறுபது நிமிடக் கேசட். எழுதியிருந்தது மங்கிப்போயிருந்தது.

பரத்தின் பையில் எப்போதும் ஒரு சின்ன கேசட் பிளேயர் இருக்கும். அதைக் கைபேசியோடு இணைத்து, பதிவை ஓடவிட்டு, கேசட்டைப் போட்டான்.

முதலில் ஐந்து வினாடி ஒரே சீரான "கீ" சத்தம். 'தயாராக இரு, தகவல் வருகிறது' என்று கம்ப்யூட்டருக்குச் சொல்கிற சத்தம் அது. பிறகு ஒரு கீச்சல், கண் இமைக்கும் நேரம். அதில் விளையாட்டின் பெயரும் நீளமும் மட்டும் இருக்கும். ஒரு வினாடி அமைதி. மறுபடி "கீ". அடுத்து வரப்போவதுதான் விளையாட்டு.

முப்பத்தைந்து வருடம் கழித்தும் சத்தம் பளிச்சென்று இருந்தது. இன்னும் ஒரு நிமிடம் ஓடவிட்டால் போதும், முழுவதும் கைபேசிக்குள் வந்துவிடும். ஆனால் ஹேமாவதி மீனைப் புரட்டுவதை விட்டுவிட்டு அவன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். வீணாய்ப் போன கேசட்டை எவனாவது ஒரு நிமிடம் கண்ணெடுக்காமல் கேட்பானா?

எட்டாவது வினாடியில் நிறுத்தினான்.

"இன்னா தம்பி, கொசு கத்தற மாதிரி கீது?"

"அழிஞ்சுபோச்சுங்க அக்கா." பரத் கேசட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "நாடாவுல இருக்கறது காந்தத் தூள். உப்புக்காத்து பட்டுட்டே இருந்தா காந்தம் போயிருமுங்க. பதிஞ்சது போயி இரைச்சல்தான் மிச்சம்."

அது பச்சைப் பொய். உப்புக்காற்று கேசட்டுக்குள் இருக்கும் இரும்பு வில்லைத் துருப்பிடிக்க வைக்கும். நாடாவின் காந்தத்தை ஒன்றும் செய்யாது. எதையும் எவருக்கும் பொறுமையாக விளக்கிச் சொல்வதில் பரத்துக்குப் பெருமை உண்டு. தெரிந்தே தப்பாக ஒன்றை விளக்கியது அதுதான் முதல் தடவை. அவ்வளவு சரளமாக வரும் என்று அவனே நினைக்கவில்லை.

"அய்யோ பாவம். அது நம்பிக்கினு கீதே" என்றாள் ஹேமாவதி.

"தூக்கிப் போடறதுன்னா எனக்குக் குடுத்துருங்க. உள்ள இருக்கற சக்கரம் எதுக்காச்சும் ஆகும்."

"அண்ணனக் கேக்காம நான் எப்டி குடுக்கறது? சனிக்கிழம அதுக்கு லீவு. வாங்களேன்."

இதையும் அவன் எதிர்பார்த்தே வந்திருந்தான். குப்பை என்ற செய்தி தங்கை வழியாக அண்ணன் காதுக்குப் போய்விடும். சனிக்கிழமை வந்தால் கேள்வி இல்லாமல் கைக்கு வந்துவிடும்.

அன்று லாட்ஜ் அறையில் அந்த எட்டு வினாடியை லேப்டாப்பில் ஏற்றினான். இந்தக் கேசட்டுகளின் மொழி மிக எளிது. குட்டையான துடிப்பு என்றால் பூஜ்யம். அதைப்போல இரண்டு மடங்கு நீளமான துடிப்பு என்றால் ஒன்று. அவ்வளவுதான். எட்டுத் துடிப்புகளைச் சேர்த்தால் ஓர் எழுத்து. திரையில் எழுத்துகள் வந்தன: பாடு. ஆங்கில எழுத்தில், நாலே எழுத்து. நீளம் ஒன்பதாயிரத்துச் சொச்சம். ஓடவிட்டால் ஐம்பது வினாடி.

பாடு என்றால் என்னவென்று அவனுக்குத் தெரியவில்லை. பாடுபடுவதைச் சொல்கிறார் போல என்று நினைத்துக்கொண்டான். வியாழனும் வெள்ளியும் வள்ளூர்ப் பக்கம் வேலை. குழுவில் போடவேண்டிய செய்தியை மனதுக்குள் நாலைந்து விதமாக எழுதிப் பார்த்தான். ரோஜாவின் நம்பர் கையில் இருந்தது. கூப்பிடவில்லை. கூப்பிட்டால் ஆசை தெரிந்துவிடும்.

சனிக்கிழமை மதியம் குப்பத்துக்குள் நுழைந்ததும் ஒரு ரீங்காரம் கேட்டது. கருவாடு காய்கிற இடத்துக்கு மேலே, சவுக்குக் கம்புகளுக்கு நடுவே, குறுக்கும் நெடுக்குமாகக் கேசட் நாடா கட்டியிருந்தது. கரையோரத்தில் இது புதிதல்ல. தட்டையான நாடாவை இழுத்துக் கட்டினால் காற்றில் முறுக்கி முறுக்கி அதிரும், வெயிலில் மினுக்கும். காக்கைக்கு அந்தச் சத்தமும் மினுக்கலும் ஆகாது, மீன்மேல் இறங்காது. இந்தப் பக்கத்துப் பழைய பாட்டுக் கேசட்டுகள் முக்கால்வாசி இப்படித்தான் முடிந்தன. ஏதோ பாட்டுக் கேசட் என்றுதான் பரத்தும் நினைத்தான்.

காக்கிப் பேன்ட்டும் பனியனுமாக ஒரு மனிதர் கடைசி முனையை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

"பரத் சாரா? வாங்க சார். நான்தான் மணவாளன். தங்கச்சி எல்லாம் சொல்லிச்சு. ஹேமா, சாருக்கு சேர் போடு."

"கேசட்டுங்க அண்ணா..."

மணவாளன் முகவாயை மேலே தூக்கிக் காட்டினார். "வீணா கெடக்கறதுக்கு காக்காவாச்சும் ஓட்டட்டும்னு நேத்து உருவிட்டேன்."

பரத் நின்றான். கணக்கு தானாக ஓடியது. அறுபது நிமிடக் கேசட்டில் தொண்ணூறு மீட்டர் நாடா. வினாடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஓடும். ஐம்பது வினாடி என்றால் இரண்டரை மீட்டர். நாடாவின் தொடக்கத்தில், முதல் இரண்டரை மீட்டர்.

"மொதல்ல எந்தப் பக்கம் கட்டினீங்க?"

"தோ, அந்தக் கம்புலேர்ந்து ஆரம்பிச்சேன்."

பரத் போய்த் தொட்டுப் பார்த்தான். நாடா இழுபட்டு நூல்போலச் சுருண்டிருந்தது. இரண்டு இடத்தில் அறுத்து முடிச்சுப் போட்டிருந்தார். நாடாவை இழுத்தால் அதில் பதிந்த துடிப்பும் கூடவே நீளும். ஒன்றரை மடங்கு நீண்டுவிட்டால் பூஜ்யம் எது, ஒன்று எது என்று கம்ப்யூட்டருக்குப் பிடிபடாது. ஒரே ஒரு துடிப்பு தப்பினாலும் கடைசியில் கூட்டிப் பார்த்து மொத்தத்தையும் வேண்டாமென்று தள்ளிவிடும். இங்கே தப்பாத துடிப்பு ஒன்றாவது மிஞ்சியிருக்குமா என்பதே சந்தேகம்.

மணவாளன் பின்னாலேயே வந்து நின்றார். "ரோஜா எத்தினியோ வாட்டி கேலி பண்ணிக்கீது சார். நான் காதுல வாங்கினதில்ல. சின்னப் பொண்ணு, அதுக்கின்னா தெரியும். நீங்க மிசின் வெச்சி பாத்து சொன்னீங்க பாருங்க, அப்பதான் எனக்கே உறைச்சுது. உப்புக்காத்துல காந்தம் பூடும்னு எனக்குத் தோணவே இல்ல. நேத்து டீக்கடையில எல்லாருக்கும் வெளக்கினேன்." குரல் கொஞ்சம் தணிந்தது. "நெனச்சுப் பாத்தா, மொதல்லியே பதிஞ்சிருக்காதுன்னு தோணுது. அந்த ரெக்கார்டர் ஓட்ட ரெக்கார்டர். முப்பத்தஞ்சு வருசமா இல்லாத ஒண்ண இருக்குதுன்னு சொல்லிக்கினு திரிஞ்சிக்கீறேன்."

பேசாமல் வண்டியை எடுத்துக்கொண்டு போயிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் அந்தக் கடைசி வாக்கியத்தைக் கேட்டபிறகு பரத்தால் கம்பை விட்டுக் கையை எடுக்க முடியவில்லை.

"பதிஞ்சிருந்துச்சுங்க அண்ணா."

"இன்னா?"

"ரூமுக்குப் போயி லேப்டாப்புல போட்டுப் பாத்தேன். மொதல் எட்டு வினாடி எங்கிட்ட இருந்துச்சு. பேரு வந்துச்சு. பாடு."

பாதி உண்மை. ரூமுக்குப் போன பிறகுதான் தெரிந்தது என்பதுபோல் அது தானாக வந்து விழுந்தது. அவன் திருத்தவில்லை.

மணவாளன் அவனையே பார்த்தார். கோபம் வரும் என்று பரத் காத்திருந்தான். அவர் முகமோ கொஞ்சம் கொஞ்சமாக விரிந்தது.

"பேரு வந்துச்சா? பாடுன்னே வந்துச்சா?"

"நீளம்கூட வந்துச்சுங்க. ஒம்பதாயிரத்துச் சொச்சம்."

"அதான், அதேதான். எனக்கு நெனப்புக் கீது." அவன் கையைப் பிடித்துக்கொண்டார். "பாடுன்னா இன்னா தெரியுமா சார்? ஏரில நல்ல எடம் கொஞ்சந்தான். இன்னிக்கி இந்த எடம் இந்த ஊட்டுக்கு, நாளைக்கி அந்த ஊட்டுக்குன்னு மொற வெச்சிக்குவோம். அதான் பாடு. கேம்ல ரெண்டு பேரு. ஒரு தடவ உனக்கு எடம், ஒரு தடவ எனக்கு. தண்ணி வத்தறப்போ எறா கடல் மொகத்துவாரம் பக்கம் ஓடும், அப்ப வலைய எறக்கணும். தண்ணி ஏறறது வத்தறது எல்லாத்துக்கும் கணக்கு போட்டேன் சார். ஹேமா, ஏ ஹேமா, இங்க வா. இருந்துச்சாம்."

ஹேமாவதி நாற்காலியோடு நின்றாள். "இருந்துச்சின்னா, அன்னிக்கி அழிஞ்சிபோச்சின்னு தம்பி சொல்லிச்சே?"

"அப்ப தெரியல, ரூமுக்குப் போயி பாத்துக்கீறாரு. நாந்தான் அவசரப்பட்டு உருவிட்டேன். சாரு மேல இன்னா தப்பு." மணவாளன் அவன் கையை விடவில்லை. "வாங்க சார். ஒரு அஞ்சு நிமிசம். நீங்களே வந்து சொல்லுங்க."

ஐந்து நிமிடம் அரை மணி ஆயிற்று. வலை பின்னிக்கொண்டிருந்த சுப்பராயன் வீட்டு வாசலில் முதலில் நிறுத்தினார். "சொல்லுங்க சார்." பரத் சொன்னான்: "இருந்துச்சுங்க. நானே கேட்டேன்." சுப்பராயன் ஊசியைக் கீழே வைக்காமல், "அப்ப எங்கடா அது?" என்றார். "நாந்தான் காக்கா ஓட்டக் கட்டிட்டேன்" என்று மணவாளன் சிரித்தார். "உன்ன மாதிரி அறிவாளி ஜில்லாவுலயே கெடையாது" என்றார் சுப்பராயன். அடுத்த வீடு. அதற்கடுத்த வீடு. ஒவ்வொரு வாசலிலும் அதே "சொல்லுங்க சார்", அதே "இருந்துச்சுங்க", அதே "நாந்தான் கட்டிட்டேன்". அவர் தன் தலையில் போட்டுக்கொள்ளும் ஒவ்வொரு தடவையும் பரத்தின் காது சூடேறியது. எடைமேடையில் ஒரு மூலை பொய் சொன்னால் மற்ற மூலைகள் அதன் பாரத்தையும் தாங்குவதுபோல் தோன்றும். இங்கே அப்படித் தோன்றவெல்லாம் இல்லை, நிஜமாகவே அந்த மனிதர் தாங்கிக்கொண்டிருந்தார்.

கடைசியில் செண்பகத்தின் டீக்கடை. பெஞ்சில் நாலைந்து பேர். அரை நாள் டூட்டி முடிந்து வந்த ரோஜாவும் அங்கே நின்று வடை தின்றுகொண்டிருந்தாள்.

"ரோஜா, கேட்டுக்க. சார் சொல்றாரு. நான் எழுதினது கேசட்ல இருந்துச்சாம். பேரோட."

ரோஜா கடித்த வடையைக் கையில் வைத்துக்கொண்டு மாமாவைப் பார்த்தாள். "நெசமா சார்?"

"நெசம்மா."

"ஸாரி மாமா" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். மணவாளன் கேட்காததுபோல் செண்பகத்திடம் திரும்பி, "சாருக்கு ஒரு ஸ்ட்ராங் டீ" என்றார்.

"எப்ப சார் பாத்தீங்க?" என்றாள் ரோஜா.

"புதன்கிழமை ராத்திரி. ரூம்ல."

"மாமா உருவினது நேத்து வெள்ளிக்கிழம." அவள் கணக்குப் போடுவது தெரிந்தது. "என் நம்பர் இருந்துச்சே சார் உங்ககிட்ட. ஒரு போன் போட்டுக்கலாமே?"

பெஞ்சில் இருந்தவர்கள் அவனைப் பார்த்தார்கள். குற்றம் சாட்டும் குரல் இல்லை அது. எடைமேடையில் எண் ஒன்று இடித்தால் எப்படிக் கேட்பாளோ அப்படிக் கேட்டாள். மணவாளன், "வேல ஜாஸ்தியா இருந்துருக்கும், உடு" என்றார்.

"வேலை இல்லைங்க அண்ணா." பரத் டீயை வாங்கிப் பெஞ்சில் வைத்தான். "ரூமுக்குப் போயி தெரிஞ்சுக்கல. கேசட்டைப் போட்ட ரெண்டாவது வினாடியே தெரியும். நல்லா இருந்துச்சு. எனக்கு வேணும்னு... குப்பைன்னு சொன்னா கேள்வி கேக்காம குடுத்துருவீங்கன்னு அக்காகிட்ட பொய் சொன்னேன்."

செண்பகம் பாலை ஆற்றுவதை நிறுத்தினாள். மணவாளன் கேட்டது பரத் எதிர்பார்க்காத ஒன்று.

"அப்ப, உப்புக்காத்துல காந்தம் பூடும்ன்றது?"

"போகாதுங்க."

"அதுவும் இல்லியா?"

"இல்லைங்க. நானா சொன்னது."

மணவாளனின் முகம் அப்போதுதான் மாறியது. பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "இவுங்களுக்கெல்லாம் நேத்து ஒரு மணி நேரம் வெளக்கினேனே சார். நம்ம மோனிகா, ஸ்கூலு டீச்சரு, அதுக்குக்கூட சொன்னேன். பசங்களுக்குச் சொல்லித் தரேன்னுச்சு." குரலில் கோபம் இருந்ததா என்று பரத்தால் கண்டுபிடிக்க முடியவில்லை. "கேசட்டு போனா போவுது. அது என்னுது. இது ஊர் பூரா பூட்டுதே."

ரோஜா வடையைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டாள்.

"எழுந்துருங்க சார்" என்றார் மணவாளன்.

"எங்கங்க அண்ணா?"

"மொதல்லேர்ந்து போவணும். சுப்பராயன் ஊட்லேர்ந்து. நான் சொன்னா இனிமே யாரும் நம்ப மாட்டாங்க. காந்தம் எப்டி போவும், எப்டி போவாது, சரியா நீங்களே சொல்லுங்க. அப்புறம் மோனிகா டீச்சர் ஊடு."

இந்தத் தடவை அவர் அவன் கையைப் பிடிக்கவில்லை. முன்னால் நடந்தார். பரத் இரண்டடி பின்னால் போனான். சுப்பராயன் தலையை நிமிர்த்தி, "இன்னாடா, மறுபடியுமா?" என்றார்.

மணவாளன் ஒதுங்கி நின்று வழிவிட்டார். பரத், "அய்யா, உப்புக்காத்துல காந்தம் போயிரும்னு நான் முதல்ல சொன்னது தப்புங்க" என்று ஆரம்பித்தான்.